ஒரு நாள் இடைவெளி

பல்கலைக்கழகத்தில் அவரை யாரும் இயக்குநர் என்று சொல்வதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'தூசியம்மா'. சும்மா வந்த பெயர் அல்ல. நானோ ஆராய்ச்சி மையத்தின் வாசலில் யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் செருப்பைப் பார்ப்பார். காலுக்கு உறை மாட்டாமல் ஒரு ஈ காக்கை உள்ளே போக முடியாது. ஒரு தடவை துணைவேந்தரையே வாசலில் நிறுத்தினார். அவருக்குத் தொந்தி காரணமாகக் குனிய வரவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார வைத்து, உறையைக் கையில் கொடுத்துவிட்டு, மாட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. அவர் காதுக்கும் வந்தது. அதற்கெல்லாம் கோபப்பட அவருக்கு நேரமில்லை. கோபப்பட வேறு ஆயிரம் விஷயம் இருந்தது.

அந்த மையத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு தலைமுடியைக் குறுக்கே பல்லாயிரம் பங்காகக் கீறினால் ஒரு பங்கு எவ்வளவு தேறுமோ, அந்த அளவில் பொருள்களைச் செய்வார்கள், அந்த அளவில் பார்ப்பார்கள். அங்கே ஒரு தூசி விழுவது என்பது நம் வீட்டுக் கூடத்தில் பாறாங்கல் வந்து விழுவது மாதிரி. இப்படிப்பட்ட வேலையைத் தொடங்க அவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த முதல் இடம், வேதியியல் துறைக்குப் பின்னால் கால் உடைந்த பெஞ்சுகளும் ஓடாத மின்விசிறிகளும் அடைந்து கிடந்த ஒரு சேமிப்பறை. பல்கலைக்கழகத்திலேயே தூசி அதிகம் உள்ள அறை அதுதான். சாவி கிடைக்கவே ஒரு வருடம் நடந்தார். கிடைத்த அன்று மாலை தானே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார்.

அந்த ஒற்றை அறை பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இரண்டு மாடிக் கட்டடமாக வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்று கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: மெஷின் கேட்டால் தருவார்கள், அதனால் மெஷினாகக் கேட்டேன். அதுதான் உண்மை. எந்த நிதி அமைப்புக்கு எழுதினாலும் கருவிக்குக் கிராண்ட் கிடைத்தது. ஆளுக்குக் கிடைக்கவில்லை. அதை இயக்கும் ஆளைப் பல்கலைக்கழகமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். பல்கலைக்கழகமோ, கிராண்டிலேயே ஆளையும் கேட்டிருக்க வேண்டியதுதானே என்றது. யானை வாங்கக் காசு இருக்கும், அங்குசம் வாங்கக் காசு இருக்காது என்பார்களே, அந்தக் கதை. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மெஷின் வந்தால் ரிப்பன் வெட்டலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் வந்தால் எதை வெட்டுவது? அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், ஓய்வு பெற்ற பிறகும் கொடுக்க வேண்டும்.

இந்த நியாயத்தின் காவலர் பதிவாளர். துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள்; பதிவாளர் போகவில்லை. துணைவேந்தர் தலையாட்டிய கோப்பைக்கூடப் பதிவாளர் மேசையில் உட்கார வைத்துவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தியதே இல்லை, யார் போனாலும் தண்ணீர் கொடுக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார். அதுதான் தூசியம்மாவுக்கு எரிச்சல். சண்டை போடவும் ஒரு ஆள் எதிரே இருக்க வேண்டும் அல்லவா?

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தபோதுதான் ஆள் இல்லாமல் முடியாது என்ற நிலைமை வந்தது. அது சாதாரண மைக்ராஸ்கோப் இல்லை; ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கான பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் நிற்காமல் சுற்ற வேண்டும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். கல்லில் நார் உரிப்பது போல் பதிவாளரிடமிருந்து ஒரு தற்காலிக இடத்தை வாங்கினார் தூசியம்மா. அந்த இடத்துக்கு வந்த பெண்தான் ஆபரேட்டர்.

வரும்போது ஆபரேட்டருக்கு முப்பது வயது. முனைவர் பட்டம் வாங்கியவர். ஏற்கெனவே இரண்டு இடங்களில் இதே மாதிரி மெஷினில் வேலை பார்த்தவர். அடக்க ஒடுக்கமெல்லாம் கிடையாது. முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியர் ஈரம் காயாத மாதிரிப் பொருளைக் கொண்டுவந்து உள்ளே வைக்கச் சொன்னபோது, மெஷின் உங்கள் வீட்டு அலமாரியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். பேராசிரியர் புகார் சொல்ல வந்தார். தூசியம்மா புகாரை முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் போனதும் ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

தற்காலிக இடத்துக்கு ஒரு முறை உண்டு. ஆறு மாதத்துக்குத்தான் ஆணை. ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுநாள் புது ஆணை. அந்த ஒரு நாள் எதற்கென்றால், தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று நாளைக்கு யாரும் வந்து நிற்கக் கூடாது என்பதற்கு. அந்த நாளில் ஆபரேட்டர் பல்கலைக்கழகத்துக்கு யாரோ எவரோ. கதவு அட்டை வேலை செய்யாது, சம்பளம் கிடையாது. ஆனால் பம்புக்கு இதெல்லாம் தெரியுமா? அதனால் அந்த நாளிலும் ஆபரேட்டர் வருவார். கேட்டில் இருக்கும் காவலர் 'விசிட்டர்' என்று எழுதிய பேட்ஜைக் கொடுப்பார். அதைக் குத்திக்கொண்டு உள்ளே வந்து வழக்கம்போல வேலை பார்த்துவிட்டுப் போவார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று முதல் தடவை காவலர் கேட்டதற்கு, மெஷினைப் பார்க்க வந்தேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகிறேன் என்றாராம். அதை ஒரு ஜோக்காகச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். இடைவெளி ஆணையில் ஒவ்வொரு தடவையும் தூசியம்மாதான் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் புது ஆணை வராது. அதனால் படிக்காமலேயே போட்டார்.

இப்படி ஏழு வருடம் போயிற்று. வெளியூர்களிலிருந்தெல்லாம் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மையத்துக்குப் பேர் வந்தது. பேர் வந்ததே தவிர ஆள் வரவில்லை. மற்ற மெஷின்களை ஆராய்ச்சி மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள்; படிப்பு முடிந்து அவர்கள் போனதும் அடுத்து வந்தவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குளிர்சாதனம் பழுதானால் தூசியம்மாவே மெக்கானிக்கைத் தேடிப்போனார். பில் போட ஆள் இல்லையென்றால் தானே பில் போட்டார். நிரந்தர இடம் கேட்டுப் பதிவாளரிடம் போகும்போதெல்லாம் அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்வார்.

"நல்லாத்தானே ஓடுது மேடம்."

அந்த வாக்கியத்தைக் கேட்டால் தூசியம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறும். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிவார். அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறதாமா என்று கேட்பார். அவர் வேடிக்கையாகக் கேட்டாலும் தூசியம்மாவுக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் மத்தியானம் ஆபரேட்டர் அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வழக்கமாகச் சாத்துகிறவர் இல்லை. பேட்டரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றார். அங்கேயும் இதே மெஷின்தான், நிரந்தர வேலை. மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்துவிட்டது. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியில் ஆறு மாத ஆணையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் அழாமல், புகார் மாதிரிகூட இல்லாமல் சொன்னார்.

"எனக்குப் போக இஷ்டமில்ல மேடம். ஆனா இன்னும் எத்தனை நாளைக்கு நான் விருந்தாளியாவே இருக்கிறது?"

தூசியம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. தூசியம்மாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்தில் நிதி அமைப்பின் குழு வருகிறது. மையத்தின் இரண்டாம் கட்டத்துக்கு என்ன தேவை என்று நேரில் பார்த்துப் பரிந்துரைப்பார்கள். இந்தத் தடவை மெஷின் கேட்கப்போவதில்லை, ஆட்களைத்தான் கேட்கப்போகிறேன், ஆபரேட்டர் இடத்தை நிரந்தரமாக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகவே போடச் சொல்கிறேன் என்றார். குழு சொன்னால் பதிவாளராலும் தட்ட முடியாது.

"இந்த ஒரு தடவை என்னை நம்பும்மா."

ஆபரேட்டர் நம்பினார். தொழிற்சாலைக்காரர்களிடம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் நமக்கே கோபம் வரும், தூசியம்மாவுக்கு வராமல் இருக்குமா? குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். கீழ்த்தளத்தில் நான்கு அறைகளில் நான்கு மெஷின்கள். ஆபரேட்டரைத் தவிரப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. மேல்தளத்தில் பளபளவென்று கண்ணாடித் தடுப்புகள். உள்ளே நாற்காலிகள் மட்டும். மாணவர்களில் பாதிப் பேர் மாநாட்டுக்குப் போயிருந்தார்கள். திடீரென்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. இதைப் பார்த்தால், கொடுத்த மெஷினையே சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அல்லவா நினைப்பார்கள்? இரண்டாம் கட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டால்?

வருடக்கணக்காக இல்லாததை இருப்பது போல் நடத்தியே பழகியவர் அவர். கை தானாக அந்த வேலையைச் செய்தது. இயற்பியல் துறையிலிருந்து ஆறு பேர், தாவரவியலிலிருந்து நான்கு பேர், நூலகத்திலிருந்து இரண்டு பேர் என்று கடன் வாங்கினார். அப்போதும் எண்ணிக்கை குறைந்தபோது வரலாற்றுத் துறைத் தலைவர் தம் ஆராய்ச்சி மாணவர் ஒருவரைத் தாராள மனதோடு அனுப்பி வைத்தார். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் கண் மட்டும்தான் தெரியும்; வரலாறா வேதியியலா என்று கண்ணைப் பார்த்து யார் சொல்வது?

ஆபரேட்டர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆள் இல்லைன்னு காட்டித்தானே மேடம் ஆள் கேக்கணும்?"

"வெறும் வீட்டைக் காட்டினா யாரும் எதுவும் தர மாட்டாங்கம்மா. நிறைஞ்ச வீட்டுக்குத்தான் இன்னும் நிறைய வரும்."

 ஆபரேட்டர் போய் வரலாற்று மாணவருக்குத் தலையுறையைத் திருப்பிச் சரியாக மாட்டிவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் வயதான பேராசிரியர். எல்லாவற்றையும் ரசித்துப் பார்க்கிறவர். வாசலில் தூசியம்மா நீட்டிய காலுறையையே ரசித்தார். உள்ளே வந்தால் அறைக்கு அறை வெள்ளைக் கோட்டுகள் சுறுசுறுப்பாகத் திரிந்தன. தாவரவியல்காரர்கள் காலி சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். நூலகத்துக்காரர்கள் எதையோ எழுதினார்கள். எழுதுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை. மின்னுலையின் பக்கத்தில் வரலாற்று மாணவர் நின்றார். தலைவர் அவர் தோளைத் தட்டி, இங்கே வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நிறையப் பொறுமை வேண்டியிருக்கிறது ஐயா, ஆனால் பழையதையெல்லாம் தோண்டிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை மனதாரச் சொன்னது. தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தூசியம்மா அவரை அவசரமாக அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

மதியம் கூட்டத்தில் தூசியம்மா ஆட்கள் வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். ஆபரேட்டர் இடத்தைப் பற்றித் தனியாகப் பேசினார். தலைவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பதிவாளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

ஒன்றரை மாதத்தில் பரிந்துரை வந்தது. பல்கலைக்கழகமே விழாக்கோலம் பூண்டது. மையத்துக்கு இன்னும் பெரிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், அணுக்களையே வரிசையாகப் பார்க்கலாம். இப்போதிருப்பதைப் போல மூன்று மடங்கு விலை. ஆட்களைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: மையத்தில் மனித வளம் போதுமான அளவிலும் மிகுந்த ஈடுபாட்டோடும் இருப்பதைக் குழு நேரில் கண்டது, எனவே ஆட்களுக்கான ஒதுக்கீட்டையும் கருவிக்கே சேர்த்து வழங்கலாம்.

துணைவேந்தர் போன் செய்து பாராட்டினார். தூசியம்மா நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு மேசை மேலிருந்த பேனாக் குவளையைச் சுவரில் எறிந்தார். அது பிளாஸ்டிக், உடையக்கூட இல்லை.

ஆபரேட்டரிடம் தானே போய்ச் சொன்னார். மெஷின் அறையின் இருட்டில் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. ஆபரேட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். கத்துவார், நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்துத்தான் தூசியம்மா போயிருந்தார். கேட்டிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இந்த மாதிரியை முடித்துவிடட்டுமா மேடம், ஆள் ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று மட்டும் ஆபரேட்டர் கேட்டார். அந்த மாத முடிவில் ஆறு மாத ஆணையும் முடிந்தது. ஒரு நாள் இடைவெளி வந்தது. மறுநாள் அவர் வரவில்லை.

அன்றிரவு தூசியம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் பேனாவை மூடி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் நீயே கையை வச்சு அடைச்சுக்கிட்டே இருந்தே. தண்ணி வெளியே வந்தாத்தானே ஓட்டை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்?"

தூசியம்மா கோபித்துக்கொள்ளத்தான் செய்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய மெஷின் வந்தது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, கம்பெனி எஞ்ஜினியர் மாதக்கணக்கில் தங்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தொடக்க விழாவுக்கு நிதி அமைப்பின் தலைவரே வருவதாக ஏற்பாடு. அவர் வசதிக்காக விழா தள்ளித் தள்ளிப் போனதில், எஞ்ஜினியர் ஊருக்குப் போன பிறகுதான் தேதி அமைந்தது. பூட்டும்போது தூசியம்மா கூடவே இருந்து கற்றுக்கொண்டிருந்தார். சிறப்பாக இல்லாவிட்டாலும் ஒரு படத்தை எடுத்துக் காட்டிவிட அவரால் முடியும். அது துணைவேந்தருக்கும் தெரியும், பதிவாளருக்கும் தெரியும்.

ரிப்பன் வெட்டியாயிற்று. எல்லாரும் காலுறை மாட்டியாயிற்று. விருந்தினர் திரை முன்னால் ஆசையாக வந்து நின்று, எங்கே, ஒரு அணுவைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். துணைவேந்தர் தூசியம்மாவைப் பார்த்தார். ஆபரேட்டரின் நாற்காலி காலியாக இருந்தது. தூசியம்மாவின் கால் அந்த நாற்காலியை நோக்கி ஒரு அடி வைத்தே விட்டது. அப்புறம் நின்றது.

"காட்ட முடியாது சார். ஓட்ட ஆள் இல்ல."

விருந்தினருக்குப் புரியவில்லை. குழுவின் அறிக்கையில் இத்தனை பேர் இருப்பதாக எழுதியிருந்ததே என்றார். அவங்கெல்லாம் கடன் வாங்கின ஆளுங்க சார், அதுல ஒருத்தர் வரலாறு படிக்கிறவர், நான்தான் கோட்டு மாட்டி நிறுத்தினேன் என்று தூசியம்மா சொன்னார். முகம் சிவந்து காது வரை சுட்டது. துணைவேந்தர் மெதுவாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, நீங்களே ஓட்டுவீங்களே மேடம் என்றார்.

"எனக்குத் தெரியாது சார்."

அது பொய். அத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான பொய்.

அதற்கான விலையையும் கொடுத்தார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இயக்குநர் கூட்டங்களுக்கு அழைப்பு நின்றது. வராந்தாவில் பார்த்தால் சிரிக்கிறவர்கள் போனைப் பார்த்தபடி போனார்கள். ஆனால் விருந்தினர் ஊருக்குத் திரும்பியதும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டார்: நிரந்தர ஆபரேட்டர் இல்லையென்றால் மெஷின் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும். பதிவாளர் மேசையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருந்த கோப்பு எழுந்து நடந்தது, ஓடியது. அடுத்த மாதமே செய்தித்தாளில் விளம்பரம் வந்துவிட்டது.

தூசியம்மா விளம்பரத்தைப் படித்தார். வயது வரம்பு முப்பத்தைந்து என்று இருந்தது. ஆபரேட்டருக்கு இப்போது முப்பத்தெட்டு. கீழே பொடி எழுத்தில் ஒரு விலக்கு இருந்தது: பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கு வயது தளர்த்தப்படும். அப்பாடா என்று மூச்சு விட்டார். ஐந்தென்ன, ஏழு வருடம் இருக்கிறதே. அந்தத் தாளோடு பதிவாளர் அறைக்குப் போனார். பதிவாளர் உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது.

"எத்தனை வருஷம் வேலை பார்த்தாங்க மேடம்?"

"ஏழு வருஷம் சார்."

"இல்ல மேடம். ஆறு மாசம். பதினாலு தடவை ஆறு மாசம்."

அந்த ஒரு நாளிலும் அவள் வந்தாள் சார், வராமல் மெஷின் எப்படி ஓடியிருக்கும் என்று தூசியம்மா கேட்டார். பதிவாளர் குரலை உயர்த்தவில்லை. அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"வந்தாங்க. விசிட்டரா வந்தாங்க. பிரேக் ஆர்டர் எல்லாத்துலயும் கையெழுத்து உங்களோடது மேடம். நான் ஒண்ணுலகூடப் போடல."

தூசியம்மா தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இத்தனை வருடமும் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்த ஆள் கண்ணாடியில் இருந்தார். அன்று மாலை கட்டடத்தின் பின்படியில் உட்கார்ந்து அழுதார். மறைக்கவும் இல்லை. அந்தப் பக்கமாக வந்த மாணவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

இடம் நிரம்பியது. புதிதாக வந்த ஆபரேட்டர் நல்ல பெண். தங்கப் பதக்கம் வாங்கியவர், வயது இருபத்தாறு. ஆனால் இவ்வளவு பெரிய மெஷினைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். தொடுவதற்கே பயந்தார். தூசியம்மாவுக்குத் தெரிந்ததோ ஒரு படம் எடுத்துக் காட்டும் அளவுக்குத்தான், சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. கம்பெனி எஞ்ஜினியர் வர நாளாகும் என்றார்கள். தூசியம்மா பல நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் பழைய ஆபரேட்டரைக் கூப்பிட்டார். கேட்க எந்த முகமும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"வர்றேன் மேடம். லீவு போட்டுட்டு வர்றேன். இங்க லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு."

குத்தலா, சாதாரணமாகச் சொன்னதா என்று தூசியம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டார்.

வரும் நாளன்று காலையிலேயே கேட்டுக்குப் போய் நின்றுகொண்டார். பழைய ஆபரேட்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். முகத்தில் தூக்கம் தெளிந்திருந்தது. காவலருக்கு அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல். ரொம்ப நாளாச்சே என்றார். பழகிய கை, கேட்காமலே பெட்டியைத் திறந்து அந்தப் பேட்ஜை எடுத்து நீட்டியது. அதே பேட்ஜ்தான், ஓரத்தில் விரிசல் விட்டது.

தூசியம்மா குறுக்கே பாய்ந்து அதைப் பிடுங்கினார். இவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், இவங்க யாருன்னு தெரியாதா உனக்கு என்று காவலரிடம் கத்தினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தார்.

ஆபரேட்டர் தூசியம்மாவின் விரல்களைப் பிரித்துப் பேட்ஜை வாங்கினார்.

"விடுங்க மேடம். இத்தனை நாள் இதைப் பொய்யாத்தான் குத்திக்கிட்டேன். இன்னைக்குத்தான் நிஜமாவே விசிட்டர்."

பழைய இடத்திலேயே, இடது தோளுக்குக் கீழே குத்திக்கொண்டார். இருவரும் மையம் வரை நடந்தார்கள். வாசலில் தூசியம்மா வழக்கம்போல ஆபரேட்டரின் செருப்பைப் பார்க்கவில்லை. உறையை எடுத்து, முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்து, தன் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டார்.